காலிக் கட்டம்

கண் ஆபரேஷன் முடிந்த பதினைந்தாம் நாள், அழைப்பிதழ் அச்சடிக்கும் எழிலரசு கணினி முன் உட்கார்ந்தார். வெளிர் நிறங்கள் பிடிபடக் கொஞ்ச நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் நாற்பத்திரண்டு மைக் கலவைகளையும் அவர் சொந்தமாக ஒரு விக்கியில், கணினிக் குறிப்பேட்டில், குறித்துவைத்திருந்தார். நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் பக்கத்தில் அந்த நிறத்தில் ஒரு கட்டம் வருவதற்கு மேக்ரோ என்ற சிறு நிரல் எழுதி, சந்தன நிறத்தின் எண்ணைத் தட்டினார். கட்டத்தைக் காணோம். மேக்ரோவில் அவருக்குத் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியானால் தப்பு கண்ணில்தான். வேறு நிறத்தைப் போட்டுப் பார்க்கத் துணிவில்லை. இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, காபியோடு வந்த மனைவி கோமளத்திடம் திரையைக் காட்டினார்.

“நம்பர் பக்கத்துல என்ன தெரியுது?”

“ஒண்ணும் இல்லையே.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். வெறும் வெள்ளை.”

எழிலரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காபி தளும்பியது. அதற்கப்புறம் தப்பு தானாகப் பிடிபட்டது: உள்ளே எதுவுமே இல்லாத கட்டத்துக்கு அகலம் கிடையாது, அதனால் திரையில் தெரியாது. ஓர் இடைவெளியை உள்ளே வைத்தார். நாற்பத்திரண்டு எண்களையும் கொடுத்ததும் நிறங்கள் வரிசையாக வந்து நின்றன.

“எது நல்லாருக்கு?”

“இந்தச் சந்தனம்” என்று கோமளம் முதல் கட்டத்தில் விரல் வைத்தாள்.

“விரலை எடு” என்றார். அங்கே அவர் கண்ணுக்கும் சந்தனம்தான் தெரிந்தது.