இருமினால் திறக்கும் கதவு

அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு இருமுகிறவர்களுக்கு மட்டுமே திறக்கும். கொள்ளைநோய்க் காலத்தின் மாபெரும் சாதனை என்று அமைச்சரே வந்து அதற்கு மாலை போட்டார்.

மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட கணவர் தணிகாசலத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தாள் பொற்கொடி. அவருக்குப் பேச்சு குழறியது.

"உடனே தலைக்கு ஸ்கேன் எடுக்கணுங்க. ஒரே ஒரு தடவை இருமுங்களேன்!"

அவர் முயன்றார். எச்சில்தான் வழிந்தது.

"இதையும் நானே செய்யணுமா?" என்று அவளே இருமினாள். கதவு திறந்து, அவளை மட்டும் உள்ளே இழுத்து மூடிக்கொண்டது.

"ஐயோ, எனக்கில்ல, அவருக்கு!"

"பதற்றமும் ஓர் அறிகுறிதான் அம்மா," என்றது கதவின் கனிவான குரல். அவளுடைய நுரையீரல் படம் அருமையாக வந்தது.

வெளியே தணிகாசலத்தின் தலை மெல்லச் சரிந்தது. அவர் கடைசிவரை இருமாததால், நலமாக வீடு திரும்பியவர்களில் ஒருவராகக் கதவு அவரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.