யார் வீட்டு நோய்?

“இந்த நோவு யார் வீட்டுச் சீதனம்டி?” என்று அப்பாவின் அக்கா தையல்நாயகி அத்தை கேட்ட நாளிலிருந்து பாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தை மகன் ரமேஷுக்கு அவளைப் பூவைத்து உறுதி செய்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது.

பசுந்தாங்குப் பேட்டையில் இருந்த பர்மிய டாக்டரம்மாவைப் பார்க்க அத்தையும் கூடவே வந்தாள்.

“டாக்டர் வாயால கேட்டுட்டு நிச்சயத்த முறிச்சிடறேன். எங்க வம்சத்துல இப்படிப் படுத்தவங்க கிடையாது.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தையை எதிர்த்துப் பேச யாரால் முடியும்? மாதந்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் மௌன விரதம் இருப்பவள். உப்பும் காரமும் இல்லாத ஆறிய கஞ்சிதான் ஆகாரம். தெருவே கும்பிடும்.

டாக்டர் டோ கின் மியா பர்மியத்தில் நிதானமாகச் சொன்னார்.

“பாமாவுக்கு ரெண்டு நோய் சேர்ந்து இருக்கு. ஒண்ணு, விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் கொடுக்கும். இன்னொண்ணு, வாயெல்லாம் புண்ணாக்கும். தொத்தாது, மாத்திரையில அடங்கும். ஆனா பரம்பரையா வரலாம். குடும்பத்துல வேற யாராவது இவளை மாதிரியே மாசாமாசம் படுத்து, பேச முடியாம, ஆறின கஞ்சி மட்டும் குடிக்கிறவங்க உண்டா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுங்க அத்தை,” என்றாள் பாமா மெதுவாக.

அன்று விரத நாள் இல்லை. ஆனாலும் அத்தை பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.