முதலாளிகிட்ட சொல்லிறாத

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சிவக்குமாருக்கு வேலை. இன்டர்நெட் சாட்டிங்கில் பழகிய சென்னை கம்பெனி அதிகாரி ஒருவர், "ஞாயித்துக்கிழமை மதுரையில ஆள் எடுக்கறோம், பசுமலை ஓட்டலுக்கு வாங்க" என்று கூப்பிட்டிருந்தார்.

யாருக்கும் தெரியாமல் போனான். வரவேற்பறை சோபாவில் அவனுடைய மேனேஜர் சௌரிராஜன்! சிவக்குமார் முந்திக்கொண்டான்.

"அண்ணே, சும்மா காபி குடிக்க வந்தேன்..."

"எங்கிட்டயே மறைக்கிற பாத்தியா, மாப்ள! அந்த சென்னைக்காரர் எனக்கும் சாட்டிங்ல பழக்கம்தான். நானும் வேலைக்குத்தான் வந்திருக்கேன். நம்ம முதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாத!"

சிவக்குமாருக்கு உயிர் வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. முதலாளி!

இருவரும் விறைத்துப்போய் எழுந்து நின்றார்கள். முதலாளியும் ஒரு கணம் திகைத்தார். பிறகு டையைச் சரிசெய்தபடி மெதுவாகக் கேட்டார்:

"இன்டர்வியூ ஆரம்பிச்சிட்டாங்களா? கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, நானும் அதுக்குத்தான் வந்தேன்."