தலைகீழாய் நிற்கும் கோட்டை

கனசாவா ரயில் நிலையத்தில் காலை வெயில் கண்ணாடிக் கூரை வழியாக பயணிகள் நினைவுக்காக நோட்டில் குத்திக்கொள்ளும் ஊர் முத்திரை வைத்த மேசையில் விழுகிறது. இந்த ரயில் சுற்றுலாவில் நாரா, கியோட்டோ முத்திரைகளை நோட்டில் ஃபுமியேதான் குத்தினாள். பக்கவாதத்துக்குப் பிறகு கணவர் கியோதகாவின் வலக்கை நடுங்குகிறது. இன்று அவரே, இவ்வூர்க் கோட்டையைச் செதுக்கிய முத்திரைக் கட்டையை எடுக்கிறார். உதவப் போன கைகளை அவள் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "மூச்சு விடாதே, கை ஆடும்" என்கிறார். "நான் மூச்சு விட்டா உங்க கையா ஆடும்?" என்று கேட்டாலும் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அழுத்திவிட்டு மெல்லத் தூக்குகிறார். சிவப்பு மை பளபளக்கிறது. "ஐயோ, கோட்டை தலைகீழா நிக்குதுங்க!" "அதுக்கென்ன, நோட்டைத் திருப்பிப் பிடி." திருப்புகிறாள். கோட்டை நிமிர்கிறது, ஒரு கோடுகூடக் கலையவில்லை. எதிர்ப்பக்கத்தில் நாராவின் மானும் கியோட்டோவின் கோபுரமும் தலைகீழாகின்றன. மை காய்ந்த பிறகும் ஃபுமியே நோட்டை நேராக்கவில்லை.