கண் வரைந்த சீட்டு

"போர்டு எழுதச் சொன்னா, கண்ணும் பல்லும் வரைஞ்சு மாட்டியிருக்கீங்களே?" மருத்துவமனை மேலாளர் முகம் சுளித்தார்.

"ஜப்பான்ல ஒரு டிசைனர் சார். எந்த நாட்டுக்காரரும் வழி கேட்காம நடக்கணும்னு ஆயுசு பூரா இப்படித்தான் வரைஞ்சார். அவரைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்," என்றாள் டிசைனர் பெண்.

"இங்க வர்றவங்க படிச்சவங்கம்மா. நாளைக்கே கழட்டிடுங்க. வழி சொல்லத்தான் ஆளில்லை. அதோ, கூட்டுற அம்மா! பத்து வருஷமா யார் சீட்டை நீட்டினாலும், 'நான் வேலைக்குப் புதுசு'ன்னு நழுவிடும். சரியான சோம்பேறி."

அப்போது பெரியவர் ஒருவர் அந்த அம்மாவிடம் சீட்டை நீட்டினார். புதிதாக அச்சடித்த சீட்டு. அதிலும் அதே கண் படம்.

"வாங்கய்யா," என்று கையைப் பிடித்து, கண் பிரிவு வாசலில் விட்டு வந்தார் அந்த அம்மா.

மேலாளருக்கு ஆச்சரியம். "இன்னிக்கு மட்டும் எப்படிம்மா வழி தெரிஞ்சுது?"

"வழி என்னிக்குமே தெரியும் சார்," துடைப்பத்தை எடுத்துக்கொண்டே சொன்னார். "எழுத்துதான் தெரியாது."