பக்கத்து வீட்டு விசாரிப்பு

வேம்பார்த் தெருக்குழாயில் தண்ணீர் நூலாக விழுகிறது. உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காலை வெயில் பிளாஸ்டிக் குடங்களில் பட்டுக் கண் கூசுகிறது. இசக்கியம்மாளின் மகள் இந்துமதியைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டார், நேற்று பக்கத்து வீட்டுச் சுடலைச்செல்வியிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாளோ என்று இசக்கியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குழாயடியில் போட்ட சண்டைக்குப் பிறகு, ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. சுடலைச்செல்வி எதிர்வீட்டு முப்பிடாதியிடம், இசக்கியம்மாளுக்கும் கேட்கும்படி, ஊர்ச்சேதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலை பஸ் வரவில்லையாம். மழைக்கு முன்னால் உப்பு வார ஆள் கிடைக்கவில்லையாம். முந்தானையைத் திருகியபடி இசக்கியம்மாள் நிற்கிறாள். "பொண்ணு எப்படின்னு கேட்டாவ, முப்பிடாதி," என்கிறாள் சுடலைச்செல்வி, குடத்தைப் பார்த்துக்கொண்டே. "தாய்க்காரி வாயி எட்டூருக்குக் கேக்கும்னேன்." முப்பிடாதி சிரிப்பை அடக்குகிறாள். இசக்கியம்மாளின் விரல்கள் நின்றுபோகின்றன. "ஆனா எம் மாமியா படுக்கையில கெடந்தப்ப, தாய்க்குத் தெரியாம பின்வாசல் வழியா வந்து கஞ்சி ஊட்டுனது அந்தப் பிள்ளதான்னும் சொன்னேன். யோசிக்காம கட்டிட்டுப் போங்கன்னேன்." இசக்கியம்மாள் குனிந்து, சுடலைச்செல்வியின் நிறைந்த குடத்தைத் தூக்கி, அவள் இடுப்பில் வைக்கிறாள்.