டி.எஸ்.பி. வீட்டு ஹைட்ரேஞ்சியா

மனித குலம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய அறிவிப்பு ஒன்றைக் குன்னூரில், ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. ஞானப்பிரகாசம் காலைக் காபியின்போது வெளியிட்டார்.

"இந்த வருஷம் நம்ம ஹைட்ரேஞ்சியா நீலமாத்தான் பூக்கும். கிளப்புல சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாக்க வர்றாங்க."

கூடியிருந்த மனித குலம் அவர் மனைவி அமலோற்பவம் மட்டுமே. "சரிங்க," என்றாள்.

அந்தத் தெருவில் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடந்த செடிகள்கூட நீலமாகத்தான் பூத்தன. இவரோ தன் செடியைச் சுற்றிச் செங்கற்களைச் சாய்த்து நட்டு, போலீஸ் குவார்ட்டர்ஸ் வழக்கப்படி வாராவாரம் வெள்ளையடித்தார். மழை அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து வேருக்கு ஊட்டியது.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பே திரண்டு வந்தபோது, செடி பந்து பந்தாக, கொஞ்சமும் பயமில்லாமல், ரோஸ் நிறத்தில் பூத்து நின்றது.

"என்ன சார், உங்க டிபார்ட்மெண்ட்ல இதுக்குப் பேரு நீலமா?" என்றார் ஒருவர்.

அமலோற்பவம் செடியையே பார்த்தாள். மகன்கள், டிரைவர், அவள் என்று அந்த வீட்டில் அவர் உத்தரவை மீறிய உயிர் எதுவும் இதுவரை இருந்ததில்லை. ஒரு பூங்கொத்தைக் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

எல்லோரும் போனதும் அவர் உறுமினார். "டிசிப்ளின் பத்தல. செங்கல்லுக்கு இன்னும் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிக்கணும்."

சுண்ணாம்பு பட்டால் ஹைட்ரேஞ்சியா ரோஸாகிவிடும் என்று நர்சரிக்காரர் அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அமலோற்பவம் வாளியை எடுத்துச் சுண்ணாம்பு கரைத்தாள்.

அவளுக்கு ரோஸ்தான் பிடிக்கும்.